மலைச் செடிகளை ஊர்ச் சுவரில் வரைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் பள்ளிகள், ஊராட்சிகள், நூலகங்கள், மகளிர் குழுக்கள், இளைஞர் மன்றங்கள் எனப் பலர் தங்கள் ஊர்ச் செடிகொடிகளை வைத்துச் சுவரோவியமும் சிற்பமும் துணிவேலையும் செய்ய விரும்புகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சோலையிலிருந்து, அதாவது மலை மடிப்புகளில் நிற்கும் குட்டை மரக் காட்டிலிருந்து, உருவத்தையும் நிறத்தையும் கண்ணால் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் எடுக்கப் பொருள் வேண்டுமென்றால், களையாகப் பரவிக் கிடக்கும் செடிகளிடம் போங்கள்.

எங்கள் ஊர்ச் சுவரில் எந்தச் செடிகளை வரையலாம்?

சுவரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் பார்க்கக்கூடிய செடிகளை வரையுங்கள். நீலகிரி ஒரே மலை இல்லை. ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடலூரின் காடு வேறு, 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியின் சோலை வேறு. பழனி மலையிலும் அப்படித்தான்: தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்ட நிழல் மரங்களைக் கொடைக்கானல் சுவரில் வரைந்தால் அந்த ஊர்க்காரர்களே அடையாளம் சொல்ல மாட்டார்கள்.

மேல்மலை ஊர்களுக்குக் காட்டுப்பூவரசு நல்ல தொடக்கம். குளிர்காலத்தில் கிளை நுனியில் கொத்தாகப் பூக்கும் சிவப்புப் பூ அது. தனிப்பூவாக வரைவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பத்துக்கு மேற்பட்ட பூக்கள் சேர்ந்த உருண்டைக் கொத்தையும், அதைச் சுற்றிக் கீழ்நோக்கிச் சாய்ந்த தடித்த இலைகளையும் சேர்த்து வரைந்தால்தான் மரம் தெரியும். தவிட்டுப்பழச் செடிக்கு அடையாளம் இலை. எதிரெதிராக அமைந்திருக்கும், அடிப்பக்கம் வெளுத்திருக்கும், காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் ஓடும். இளஞ்சிவப்பில் விரியும் பூ நாளாக நாளாக வெளுக்கும். அதனால் ஒரே செடியில் இரண்டு மூன்று சாயல்களில் பூ வரையலாம், அது சரிதான். ஊசிக்களாவுக்கு முள் முக்கியம்: ஒவ்வோர் இலைக்கொத்துக்கும் அடியில் மூன்றாகப் பிரிந்த முள். பழம் கருநீலம், மேலே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். ஓடையோரம் என்றால் மரப்பெரணி. அதன் சுருண்ட குருத்தை வரையக் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும், எளிதாகவும் வரும்.

சோலையைத் தூரக் காட்சியாக வரைபவர்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ மரங்களை அடுக்கிவிடுகிறார்கள். அது பைன் காடு, அந்நிய நடவு. சோலை மரங்கள் குட்டை. தலைப்பகுதி குடை கவிழ்த்தது போல உருண்டு, ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். துளிர் விடும் காலத்தில் பச்சைக்கு நடுவே செம்பும் அரக்கும் ஊதாவும் தெறிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம் இடம்: சோலை இருப்பது மலையின் மடிப்புகளில், புல்வெளி இருப்பது மேடுகளிலும் சரிவுகளிலும். இதை மாற்றி வரைந்தால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது நம் மலை ஆகாது. பனி விழும் மாதங்களில் அந்தப் புல் பச்சையாக இருக்காது, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும்.

எது நம் செடி இல்லை?

ஓடையோரம் வெள்ளையாகப் பூக்கும் கல்லா லில்லி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. சீகை மரம் (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) இரண்டும் ஆஸ்திரேலியா. ஜகரண்டா தென் அமெரிக்கா. மேல்மலைப் புல்வெளியை விழுங்கும் மஞ்சள் பூப் புதர்களான ஸ்காட்ச் புரூமும் கார்ஸும் ஐரோப்பா. நம் வீட்டு முற்றத்து ஹைட்ராஞ்சியாவும் வெளியூர்தான். பார்த்துப் பழகிய செடிகள் என்பதால் கூட்டத்தில் யாராவது இவற்றைக் கட்டாயம் கேட்பார்கள். மனவருத்தம் வராமல் சமாளிக்க ஒரு வழி: வீடும் தோட்டமும் வரும் பகுதியில் அவற்றுக்கு இடம் கொடுங்கள், சோலையும் புல்வெளியும் வரும் பகுதிக்குள் விடாதீர்கள்.

குறிஞ்சி 2030-இல்தானே பூக்கும்? இப்போது எப்படி வரைவது?

நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030. இடையில் அங்கங்கே தப்பிப் பூப்பதும் உண்டு. ஆனால் பூக்காத பதினோரு வருடமும் செடி அங்கேயேதான் நிற்கிறது. புல்வெளியில் இடுப்புக்குக் கீழே நிற்கும் புதர், எதிரெதிர் இலைகள், பல் பல்லான ஓரம், மேல்பரப்பில் ஆழப் பதிந்த நரம்புகள். இதை நேரில் பார்த்து வரைய இன்றைக்கே முடியும். சுவரின் நீளத்தைப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து, பதினொன்றில் பூவில்லாத செடியை ஒவ்வொரு வருட வளர்ச்சியாகவும் கடைசியில் பூத்த மலையையும் வரையும் அமைப்பு பள்ளிச் சுவருக்கு மிகவும் பொருந்தும். பூவை மட்டும் வரைந்த சுவரைப் பார்க்கும் குழந்தை, நாளை அந்தச் செடியின் மேலேயே நடந்து போகும்.

பூவை வரையும்போது கவனிக்க: மணி வடிவப் பூக்கள் கதிராக அடுக்கி நிற்கும். நீண்ட தண்டின் நுனியில் ஒற்றைப் பூ என்பது லில்லியின் அமைப்பு. நிறம் ஊதா கலந்த நீலம். போனில் வரும் படத்தைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு நீலத்தைக் காட்டும்.

செடிகளை எங்கே போய்ப் பார்ப்பது? மாதிரிக்குப் பறித்து வரலாமா?

காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் உள்ளே போகவும் கூடாது. முக்கூர்த்தி தேசியப் பூங்கா, கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் எல்லாம் இதில் அடங்கும். கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு வனத்துறை அனுமதியோடு குழுவாகப் போகலாம். கொடைக்கானல் பக்கம் ஆர்க்கிட் வரைய வேண்டுமென்றால் 1895-இல் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகம் உதவும். ஊட்டி தாவரவியல் பூங்கா (1848), குன்னூர் சிம்ஸ் பூங்கா (1874), கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா (1908) மூன்றும் வரைந்து பழக நல்ல இடங்கள், ஆனால் அங்கே பாத்திகளில் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு அலங்காரச் செடிகள் என்பதை மறக்க வேண்டாம்.

உண்மையில் சாலையோரமே போதும். ஆளுக்கு ஒரு பென்சில், ஓர் அட்டை, குழுவுக்கு ஒரு கைலென்ஸ். ஒவ்வொரு செடிக்கும் நான்கு படம்: முழுச்செடி, ஒரு கிளை, இலையின் இரு பக்கம், பூ அல்லது காய். பக்கத்தில் ஒரு பென்சிலையோ விரலையோ சேர்த்து வரைந்தால் அளவு தெரியும். அளவு எழுதாத படம்தான் பிறகு சுவரில் மரமளவு தும்பைப் பூவாக வந்து நிற்கும்.

எந்தச் சுவர் நிற்கும்?

மலையில் சுவரோவியம் கெடுவதற்கு முதல் காரணம் மழை இல்லை, சுவருக்குப் பின்னால் இருக்கும் மண். சாலையோரத் தடுப்புச்சுவர் நீளமாக, கண்ணுக்கு எதிரே இருப்பதால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதன் முதுகில் சரிவு முழுக்க ஊறிய தண்ணீர் நிற்கிறது. அந்த ஈரம் முன்பக்கம் வரும்போது பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வரும். முதல் மழைக்காலத்தில் கொப்புளம், இரண்டாவதில் உரிதல். இரண்டு பக்கமும் காற்றுப் படும் மதில், அல்லது மேலே தாழ்வாரம் உள்ள கட்டடச் சுவர், இவைதான் நிற்கும்.

தடுப்புச்சுவரைத் தவிர வேறு வழியில்லை என்றால் மூன்று விஷயங்கள்: தண்ணீர் வடியும் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், சுவரைச் சமப்படுத்தும் பட்டி (putty) பூசாதீர்கள், அக்ரிலிக் எமல்ஷனுக்குப் பதில் ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புப் பூச்சில் வேலை செய்யுங்கள். பழைய கருங்கல் கட்டுமானமாக இருந்து, இடுக்குகளில் பெரணியும் பாசியும் காசித்தும்பையும் வளர்ந்திருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். அங்கே ஏற்கெனவே நீங்கள் வரைய நினைத்தது உயிரோடு இருக்கிறது.

சுவருக்குள் ஓதம் (ஊறிய ஈரம்) இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி பூத்தால் சுவர் உள்ளே ஈரமாக இருக்கிறது என்று பொருள். தரையிலிருந்து ஓரடியிலும் நான்கடியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கீழே மட்டும் ஈரம் என்றால் அடி ஒன்றரை அடியைச் சுண்ணாம்பு மட்டும் அடித்து விட்டுவிட்டு மேலே வரையலாம். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவருக்குக் குறைந்தது 28 நாள் கொடுங்கள். மலைக் குளிரில் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

திசையும் உண்டு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து மழை அறையும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. மழை எந்தப் பக்கம் அறைகிறதோ அந்த முகச் சுவரைத் தவிர்க்கப் பாருங்கள்.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

சுவர் யாருடையதோ அவரிடம், எழுத்தில். பள்ளி என்றால் தலைமையாசிரியர், ஊராட்சிச் சுவர் என்றால் ஊராட்சி, சாலைத் தடுப்புச்சுவர் என்றால் நெடுஞ்சாலைத் துறை. கடிதத்தோடு வண்ண வரைபடத்தின் நகலையும் இணையுங்கள். எத்தனை வருடம் அழிக்காமல் வைத்திருப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்?

பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரை. டிசம்பர், ஜனவரியில் வெயில் நன்றாக அடித்தாலும் இரவில் பனி கொட்டும். அக்ரிலிக் எமல்ஷன் 10 டிகிரிக்குக் கீழே ஒழுங்காகப் படலம் கட்டாது. பார்க்கக் காய்ந்தது போல இருக்கும், ஆறு மாதத்தில் விரல் வைத்தால் மாவாக வரும். காலையில் சுவரில் பனி ஈரம் போன பிறகு, அதாவது பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். மதியம் இரண்டரை, மூன்று மணிக்குத் தூரிகையைக் கழுவிவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் மஞ்சு (மூடுபனி) இறங்கினால் காயாத பெயிண்டின் மேல் நீர் படிந்து வெள்ளைத் திட்டு விழும்.

சுவரை எப்படித் தயார் செய்வது, பெயிண்ட் எவ்வளவு வாங்குவது?

முதலில் கம்பிப் பிரஷ்ஷால் உரிந்த பூச்சையும் பாசியையும் சுரண்டுங்கள். கருப்புப் பூஞ்சை உள்ள இடங்களில் சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, 20 நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இது கையுறையும் கண்ணாடியும் போட்ட பெரியவர்களின் வேலை. வடியும் தண்ணீர் ஓடைக்கோ செடிக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று நான்கு வெயில் நாள் காய வேண்டும். பூஞ்சையைக் கொல்லாமல் மேலே அடித்தால் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு கரும்புள்ளியாக வெளியே வரும்.

20 அடி நீளம், 8 அடி உயரம் கொண்ட சுவர் என்று வைத்துக்கொள்வோம், 160 சதுர அடி. வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட்டுக்கு 2 லிட்டர். அடிநிறம் இரண்டு கோட்டுக்கு வெளிச்சுவர் எமல்ஷன் 3 லிட்டர். சொரசொரப்பான பூச்சு இதைவிடக் கால் பங்கு அதிகம் குடிக்கும். ஓவிய நிறங்களுக்கு வெள்ளை 2 லிட்டர், பச்சை 2 லிட்டர், மஞ்சள் ஆக்சைடும் சிவப்பு ஆக்சைடும் தலா ஒரு லிட்டர், கருப்பு, நீலம், ஊதா தலா அரை லிட்டர். பச்சையைக் கடையில் கலந்தபடியே அடித்தால் பிளாஸ்டிக் இலை போல இருக்கும். சோலைப் பச்சைக்குள் சிவப்பு ஆக்சைடு கொஞ்சம் கட்டாயம் சேர வேண்டும், தளிருக்கு மஞ்சள் ஆக்சைடு.

நிறம் வாங்கும்போது ஏமாறும் இடம் ஸ்டெயினர் பாட்டில், அதாவது பெயிண்டில் கலக்கும் நிறச் செறிவு. உயரம் கூடக் கூட வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம், நிறம் சீக்கிரம் வெளுக்கும். ஆக்சைடு நிறங்களும் கருப்பும் தாங்கும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், ஊதா ஸ்டெயினர்கள் பல உள்சுவருக்கு மட்டும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. குறிஞ்சி ஊதாவுக்கு மட்டுமாவது வெளிச்சுவர்த் தரம் என்று கேட்டு இயந்திரத்தில் கலந்து வாங்குங்கள். வெள்ளை அதிகம் கலந்த வெளிர் ஊதா மிக வேகமாகப் போய்விடும், அதனால் பூக்களை ஒரு சாயல் அடர்த்தியாகவே வையுங்கள்.

சிறிய படத்தைச் சுவரில் எப்படி ஏற்றுவது? நாற்பது பேர் சேர்ந்து வரைந்தால் கலைந்துபோகாதா?

கட்டம் போடுவதே போதும். வரைபடத் தாளில் ஒரு அங்குலம் என்பது சுவரில் ஓர் அடி. சுவரில் நூல் பிடித்து ஓரடிக் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாக வெளிக்கோட்டை ஏற்றுங்கள். கோட்டுக்குக் கரித்துண்டோ தண்ணீராகக் கரைத்த மஞ்சள் ஆக்சைடோ பயன்படுத்துங்கள். மார்க்கர் பேனா வேண்டாம். அதன் மை எத்தனை கோட் அடித்தாலும் மேலே கசிந்து வரும்.

20 அடிச் சுவரில் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் நின்றால் வேலை நடக்காது. நாற்பது பேரை ஐந்து அணியாகப் பிரித்து, அணிக்கு முக்கால் மணி நேரம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண், சுவரில் அந்தந்த இடத்தில் அதே எண்ணைச் சாக்பீஸால் எழுதிவிட்டால் வரையத் தெரியாதவரும் நிரப்பலாம். ஐந்தடிக்குக் கீழே மாணவர்கள், அதற்கு மேலே சாரத்தில் பெரியவர்கள். வெளிக்கோடும் நரம்பும் நிழலும் கடைசியில் இரண்டே பேர் போட வேண்டும். அந்த இரண்டு கைகள்தான் நாற்பது பேரின் வேலையை ஒரே படமாக்கும். இந்த இடத்தில் மட்டும் ஜனநாயகம் உதவாது.

தூரிகை கழுவ இரண்டு வாளி. முதல் வாளித் தண்ணீரை ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் படிந்ததைக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். ஓடையில் ஊற்ற வேண்டாம். கீழே ஒரு கிராமம் அதைக் குடிக்கிறது.

இலைச்சாறு, மஞ்சள், மண் போன்ற இயற்கை நிறங்கள் வெளிச்சுவரில் நிற்குமா?

மண் நிற்கும், இலை நிற்காது. இலைப்பச்சை சில வாரங்களில் பழுப்பாகிவிடும். மஞ்சளைச் சுண்ணாம்புச் சுவரில் பூசினால், ஆரத்தித் தட்டில் நடப்பது போலவே காரம் பட்டுச் சிவந்து, பிறகு வெயிலில் காணாமலே போகும். மண்ணில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு, அதற்கு வெயிலும் ஒன்றுதான் சுண்ணாம்பும் ஒன்றுதான்.

வீடு கட்டத் தோண்டிய இடத்திலிருந்து செம்மண், மஞ்சள் மண், வெளிர் மண் எடுங்கள். சாலைச் சரிவை நோண்டாதீர்கள். 2009 நவம்பரில் நீலகிரி பார்த்த நிலச்சரிவுகளுக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு கிலோ மண்ணை ஐந்து லிட்டர் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் நிற்கும். மேலே உள்ள கலங்கலைப் பருத்தித் துணியில் வடிகட்டி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடி வண்டலை நிழலில் உலர்த்திப் பொடியுங்கள். நீற்றிய சுண்ணாம்பில் எடைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பொடி சேர்க்கக் கூடாது, சேர்த்தால் காய்ந்த பிறகு கையில் ஒட்டும். சுவரை நனைத்துவிட்டு, மோர் பதத்தில் மெல்லிய மூன்று நான்கு கோட். கனமாக ஒரே கோட் அடித்தால் வெடிக்கும். ஈரத்தில் இருக்கும் நிறம் காய்ந்ததும் பாதிக்கு மேல் வெளுக்கும் என்பதால் முதலில் ஓர் ஓட்டுத் துண்டில் அடித்துப் பாருங்கள்.

குறும்பர் ஓவியம், தோடர் பூவேலை மாதிரி எங்கள் சுவரில் வரையலாமா?

நகலெடுக்க வேண்டாம், அவர்களையே அழையுங்கள். கோத்தகிரி அருகே வெள்ளரிக்கொம்பையில் ஆலு குறும்பர்கள் வரையும் ஓவியத்தில் நிறமே அந்தக் காட்டிலிருந்து வருகிறது: வேங்கை மரப் பிசின், மண், இலைச்சாறு, கரி. தேன் எடுப்பதும் சடங்கும் அதில் வருவது அலங்காரத்துக்காக இல்லை, அது அவர்கள் வாழ்க்கை. தோடர் பூவேலை வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்பும் நூலால் இழைகளை எண்ணி எண்ணிச் செய்வது. முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. அதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு யாரோ செய்த பொருளை அந்தப் பெயரில் விற்பது சட்டப்படியும் தவறு.

அழைக்கும்போது: நாள் கூலியாக இல்லாமல் ஓவியருக்கான ஊதியமாகப் பேசுங்கள். எதை வரைவது, எதைப் பொதுச் சுவரில் வரையக் கூடாது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். சுவரில் அவர்கள் பெயர் ஆதரவு தந்த நிறுவனத்தின் பெயரை விடப் பெரிதாக இருக்கட்டும். பழனி மலையில் பளியர்களிடமிருந்து செடிப் பெயரும் பயனும் கேட்டு எழுதும்போதும் இதுவே முறை. மருந்துச் செடியின் விவரத்தைச் சொன்னவர் சம்மதிக்காமல் சுவரில் எழுதாதீர்கள்.

உண்ணிச்செடியில் (லாண்டானா என்ற களையில்) சிற்பம் செய்வது எப்படி?

கூடலூர் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டால் செய்த ஆளுயரத்துக்கும் மேலான யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024-இல் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்றன. அந்த அளவு வேண்டாம். மூன்றடி உயரக் காட்டுமாடு அல்லது வரையாட்டில் தொடங்கலாம்.

விரல் தடிமனும் அதற்குக் கொஞ்சம் மேலும் உள்ள நேரான தண்டுகளை வெட்டுங்கள். வேரை மண்ணுக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டரில் வெட்டித் தலைகீழாகப் போட்டால் மறுபடி துளிர்க்காது. தரைக்கு மேலே வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாக வரும். பழத்தோடு இழுத்துக்கொண்டு போகாதீர்கள், விதை வழியெல்லாம் விழும். இலைக் கழிவு மாட்டுக்கு நஞ்சு, மேய்ச்சல் இடத்தில் குவிக்காதீர்கள். வனத்துறை நிலமென்றால் களையை வெட்டவும் அனுமதி வேண்டும்.

நீளவாக்கில் அறுத்த இரும்பு டிரம்மில் தண்டுகள் மூழ்கும்படி ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். பட்டை வழுக்கிக்கொண்டு வந்தால் பதம். இந்தக் கொதியில் உள்ளே இருக்கும் துளைப்பான் புழுவும் சாகும். சூடு ஆறுவதற்குள் பட்டையை உரித்து வளைத்துவிட வேண்டும், ஆறினால் முறியும். 8 மி.மீ. கம்பியில் எலும்புக்கூடு கட்டி, முதலில் முதுகெலும்பும் விலாவுமாகத் தடித்த தண்டுகள், பிறகு தசை ஓடும் போக்கில் மெல்லிய தண்டுகள். குறுக்காக அடித்தால் விலங்கு கூடை போல ஆகிவிடும். ஓரங்குல ஆணி போதும். அடிக்கும் இடத்தில் சிறு துளை போட்டுக்கொண்டால் தண்டு பிளக்காது. நேராக மண்ணில் ஊன்றாமல் கருங்கல் மேடையில் நிறுத்துங்கள். மேலே கூரை இருந்தால் நல்லது.

ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் உண்ணிச்செடி குறைவு. அங்கே சீகைக் கன்றுகளின் நேர்த் தண்டுகளும் ஸ்காட்ச் புரூம் மிலாறுகளும் இருக்கின்றன.

துணியில் இலைப் பதிவு எடுக்கிறோம், நிறம் மங்கலாகவே வருகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று உயரம். ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சமவெளிக்காரர் எழுதிய நேரக் கணக்கு இங்கே போதாது. அவர் ஒன்றரை மணி ஆவி என்றால் நீங்கள் இரண்டு மணி, இரண்டேகால் மணி வையுங்கள். இரண்டாவது, பருத்தியில் நிறம் தானாக ஒட்டாது, துவர்ப்பும் படிகாரமும் வேண்டும்.

200 கிராம் பருத்தித் துணிக்கு: காய்ந்த சீகைப் பட்டை 100 கிராம் இரவு ஊறவைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் நன்றாகத் துவைத்த துணியை ஒரு மணி நேரம் ஊறவைத்து உலர்த்துங்கள். பிறகு 30 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து மூழ்கும் அளவு தண்ணீர் சேர்த்து இரவு முழுக்க. துருப்பிடித்த ஆணி 250 கிராம், வெல்லம் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர் சேர்த்து, துணியால் மூடி மூன்று வாரம் வைத்த இரும்புத் தண்ணீரில் 50 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, இலைகளை முக்கித் துணிமேல் பரப்புங்கள். இறுக்கமாகச் சுருட்டிக் கட்டி ஆவியில் வைத்து, மறுநாள் ஆறிய பிறகு பிரியுங்கள். சுருட்டு தளர்ந்திருந்தால் இலை இலையாக விழாது, கறையாக விழும். இரும்பு கூடினால் நிறம் கறுக்கும், வருடம் போகப்போக நூலும் இற்றுவிடும்.

கற்பூர மர இலை கம்பளியிலும் பட்டிலும் படிகாரம் இல்லாமலே ஆரஞ்சிலிருந்து செந்துரு நிறம் வரை தரும். சாயப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள்.

மோரில் பாசியை அரைத்துச் சுவரில் பூசினால் பச்சை ஓவியம் வளரும் என்கிறார்களே?

பெரும்பாலும் வளராது, மோரில் பூஞ்சைதான் வளரும். வளர்ந்தாலும் அதற்காகச் சோலையின் பாறையிலும் மரத்திலும் பல வருடம் படர்ந்த பாசியைச் சுரண்டியிருப்பீர்கள். வேண்டாம்.

செடிப் பெயர்களை எந்த மொழியில் எழுதுவது?

முதலில் அந்த ஊரில் சொல்லும் பெயர், அது படுக மொழியாக இருந்தாலும் இருளராக இருந்தாலும் தோடராக இருந்தாலும் சரி, தமிழ் எழுத்தில். கீழே அறிவியல் பெயர். ஒரே பெயரை இரண்டு செடிகளுக்குச் சொல்வார்கள், ஒரே செடிக்கு மூன்று பெயர் வரும். குறைந்தது மூன்று பெரியவர்களிடம் செடியை நேரில் காட்டி உறுதி செய்யுங்கள். எழுத்து அளவு இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் சாலையிலிருந்து படிக்க முடியாது.

ஓவியம் உரிகிறது, வெளுக்கிறது. என்ன செய்வது?

உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிமென்ட் ஒட்டிக்கொண்டு வந்தால் சுவரில் ஓதம், ஈரத்தை நிறுத்தாமல் திருத்துவது வீண். பின்பக்கம் தூசியோடு வந்தால் கழுவாத சுவரில் அடித்திருக்கிறீர்கள், அந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பிரைமரிலிருந்து தொடங்குங்கள். வெள்ளைப் பொடி பூத்தால் உப்பு: காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். விரலில் நிறம் மாவாக வந்தால் குளிரில் காய்ந்த பெயிண்ட். மொத்தமும் பளபளக்கட்டும் என்று மேலே வார்னிஷ் அடித்திருந்தால் உள்ளே சிக்கிய ஈரத்தில் படம் பால் படர்ந்தது போல ஆகும். மலையில் வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

மழை முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை மெல்லிய துணியும் தண்ணீரும் கொண்டு பாசியைத் துடைத்தால் போதும். திருத்த ஒவ்வொரு நிறத்திலும் 200 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, எந்தச் செடியின் எந்தப் பகுதிக்கு என்று எழுதி ஒட்டி வையுங்கள். அதைப் பள்ளிக்கு வெளியே உள்ள கொட்டகையில் வைக்காதீர்கள். உறைபனி இரவில் எமல்ஷன் உறைந்து தயிர்போலத் திரிந்துவிட்டால் பிறகு எதற்கும் ஆகாது.